அஞ்சாப்புப் பிள்ளைக்கு என்ன கதைப் புத்தகம் கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொடக்கப் பள்ளியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கூடத்தில், இரண்டு அலமாரி, ஒரு பெரிய பாய். சனிக்கிழமை சாயங்காலம் கதவைத் திறந்தால் நாலு முதல் ஆறாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் வந்து புத்தகம் எடுத்துப் போவார்கள். பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பதில்லை. கூட வரும் பெரியவர்கள்தான் கேட்பார்கள். வாரம் மாறும், ஆள் மாறும், கேள்வி மட்டும் மாறாது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்துவிட்டேன்.

டீச்சர், நாலாப்பு அஞ்சாப்புப் பிள்ளைக்கு எந்த மாதிரி புக்குன்னு எப்படிப் பாத்து வாங்குறது?

ஒன்பது, பத்து, பதினொன்று வயதுப் பிள்ளைகள் இவர்கள். எழுத்துக்கூட்டும் கட்டத்தைப் பெரும்பாலும் தாண்டியிருப்பார்கள், ஆனால் ஒரே மூச்சில் நூறு பக்கம் ஓடாது. நாலைந்து பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் முடிகிற புத்தகமாகப் பாருங்கள். மொத்தம் ஐம்பதிலிருந்து நூறு பக்கம் போதும். எழுத்து கொஞ்சம் பெரிதாக, இடையிடையே கறுப்பு வெள்ளைப் படமாவது இருக்க வேண்டும். கதையில் வரும் பிள்ளைக்கு இவர்கள் வயதோ ஒன்றிரண்டு கூடுதலோ இருப்பது நல்லது. தன்னைவிடச் சின்னப் பிள்ளையின் கதை என்றால் "இது பாப்பா புக்கு" என்று திருப்பி வைத்துவிடுவார்கள்.

கடையில் நின்றபடியே பார்க்க ஒரு வழி உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். புரியாத ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடியுமுன் ஒரு கை முழுக்க மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் அடுத்த வருஷத்துக்கு. ஒரு விரல்கூட மடங்கவில்லையா? அதையும் வாங்கலாம். சுலபமான புத்தகம் வாசிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை.

அதெல்லாம் சரி, சும்மா நாலு புக்கு பேரு சொல்லுங்களேன். வாங்கிப் போட்டுருதேன்.

முதலில் நான் எடுத்துக் கொடுப்பது 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. சோவியத் எழுத்தாளர் அலெக்சாந்தர் ரஸ்கின் எழுதியது. உடம்பு சரியில்லாத தன் மகளுக்கு, தான் சிறு வயதில் செய்த கோணங்கித்தனங்களைச் சொல்லிச் சொல்லிச் சேர்த்த கதைகள். ஒவ்வொன்றும் சில பக்கம்தான். அப்பா முட்டாள்தனம் செய்து மாட்டிக்கொள்கிற கதை எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்காது? என் அலமாரியில் இதற்கு அட்டை கிழிந்து இரண்டு முறை ஒட்டியாயிற்று.

அடுத்து உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. கீழடியை வைத்து எழுதிய நாவல். இந்தக் காலத்துப் பையன் ஒருவன் அந்தக் காலத்து ஆதனைச் சந்திக்கிறான். 2023இல் சிறார் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதெமி விருதான பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது. அப்புறம் எஸ். ராமகிருஷ்ணனின் 'கால் முளைத்த கதைகள்'. பழங்குடி மக்கள் இந்த உலகத்தில் உள்ளவை எல்லாம் எப்படி வந்தன என்று சொல்லிக்கொண்ட கதைகளைத் திரும்பச் சொல்வது. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் ஒரு கதை கிடைக்கும் என்பதால் பொறுமை இல்லாத பிள்ளைக்குத் தோது. நாலாம் வகுப்புக்கு விழியனின் 'பென்சில்களின் அட்டகாசம்', ஆறாம் வகுப்புக்கு விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. கடைசியாகச் சொன்னது 2025இல் அதே பால சாகித்திய புரஸ்கார் பெற்றது.

ஒரே நாளில் ஐந்தையும் வாங்கி அடுக்கிவிடாதீர்கள். ஒன்றை வாங்கிக் கொடுத்து அது கசங்குகிறதா என்று பாருங்கள்.

ஓவியான்னு பொம்பளப் பிள்ள பேரு இருக்கே, பய வாசிப்பானா?

வாசிப்பான். நீங்கள் இந்தக் கேள்வியை அவன் காதுபடக் கேட்காமல் இருந்தால் போதும்.

நம்ம ஊரு பக்கத்துக் கதையா ஏதாச்சும் இருக்கா? எல்லாம் மெட்ராஸ் பிள்ளைங்க கதையா இருக்கு.

இருக்கிறது. கோவில்பட்டி பக்கம் இடைசெவல்காரர் கி. ராஜநாராயணன், எல்லோருக்கும் கி.ரா. அவருடைய 'பிஞ்சுகள்' கரிசல் காட்டில் பறவைகளையும் கூடுகளையும் முட்டைகளையும் தேடித் திரிகிற ஒரு சிறுவனைப் பற்றிய குறுநாவல். பெரிய சம்பவங்கள் கிடையாது. அதனால் முதல் பத்துப் பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகு பிள்ளை தானே போய்விடும். ஒரு வருஷம் இதை வாசித்து முடித்த கையோடு ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கூந்தன்குளம் போனோம். நாங்குநேரி வட்டாரத்துக் கிராமம். ஊருக்குள்ளேயே, வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும், ஊர்க்காரர்கள் தொந்தரவு செய்வதில்லை. கூட்டைப் பார்த்ததும் ஒரு பையன் "முட்டைய எடுக்கக் கூடாது, அது தப்பு" என்று மற்றவர்களை அதட்டினான். புத்தகத்தில் வரும் பையன் முட்டை சேகரிப்பவன். அதை வாசித்துவிட்டு இவன் வேறு பக்கம் போய் நின்றது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கி.ரா.வின் 'கதவு' சிறுகதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவில் ஏறி ஆடி, டிக்கெட் கொடுத்து பஸ் விளையாடும் பிள்ளைகள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். கதையில் துக்கமும் உண்டு, கூட உட்கார்ந்து வாசியுங்கள். மேலே சொன்ன உதயசங்கரும் கோவில்பட்டிக்காரர்தான், ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்தவர்.

'ஆதனின் பொம்மை' வாசித்த பிள்ளைகள் திரும்ப வந்து கேட்பது ஒன்று: "நம்ம ஆதிச்சநல்லூருக்கு ஏன் டீச்சர் கதை இல்ல?" நியாயமான கேள்வி. கீழடி பேசப்படுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே, 1899 தொடங்கி, அலெக்சாண்டர் ரே என்பவர் அங்கே தோண்டியிருக்கிறார். இப்போது தோண்டிய குழியில், செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகளை இருந்தபடியே விட்டு, மேலே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கூட்டிப்போய்க் காட்டி, "நீயே எழுது" என்று சொல்லிவிட்டேன். மூன்று பேர் எழுதிக் கொண்டுவந்தார்கள். மூன்றிலும் தாழிக்குள் பேய் இருந்தது.

அப்போ கி.ரா. சேத்து வச்ச நாட்டுப்புறக் கதைய மொத்தமா வாங்கிக் குடுத்துரலாமா?

வேண்டாம். கிராமத்தில் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கிற கதைகளையும் அவர் தொகுத்திருக்கிறார். 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று ஒரு தொகுப்புக்குப் பெயரே வைத்திருக்கிறார், ஆள் நேர்மையானவர். நீங்கள் முதலில் வாசித்து, எந்தக் கதை பிள்ளைக்கு என்று குறித்துவைத்துக்கொண்டு சொல்லுங்கள். வாசித்துக் கொடுப்பதைவிடச் சொல்வதற்குத்தான் அவை இன்னும் நல்லவை.

எங்க வீட்டுப் பய புக்கத் தொடவே மாட்டேங்கான். எந்நேரமும் செல்லுதான். என்ன செய்ய?

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிஷம் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். அஞ்சாப்புப் பையனுக்கு எதற்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவு, கண்ணால் வாசித்துப் புரிகிற அளவைவிட இந்த வயதில் கூடுதலாகவே இருக்கும். கதை சூடு பிடிக்கிற இடத்தில் நிறுத்திவிட்டு, புத்தகத்தைக் கட்டில் மேலேயே விட்டுவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விடுங்கள். மீதியை அவன் பார்த்துக்கொள்வான். பார்க்கவில்லை என்றால் மறுநாளும் அதையே செய்யுங்கள். பத்து நாளாவது பிடிக்கும்.

செல்லைப் பிடுங்கத்தான் முடியாதென்றால் அதிலேயே கதை வாசிக்கட்டும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் படத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. நாலு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். இந்த வயதுக்கு மூன்றும் நாலும். அப்புறம் ஒன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: வீட்டில் வேறு யார் கையிலாவது புத்தகத்தை அவன் பார்த்திருக்கிறானா?

காமிக்ஸ் குடுத்தா அதுலயே நின்னுருவானா?

நிற்க மாட்டான். என் தலைமுறையில் எத்தனையோ பேர் இரும்புக்கை மாயாவியில் தொடங்கியவர்கள்தான். பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வந்தபோது முதல் இதழே அதுதான். ஆனால் இன்று காமிக்ஸ் கடையில் இருப்பதெல்லாம் பிள்ளைகளுக்கு என்று நினைக்காதீர்கள். அன்று வாசித்த பையன்களுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது, அவர்களுக்காகவே வருகிற துப்பாக்கிக் கதைகளும் உண்டு. புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

என் மக இங்கிலீஷ் மீடியம். தமிழ எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கா. அவளுக்கு இதெல்லாம் முடியுமா?

முடியும், கொஞ்சம் கீழே இருந்து ஏற வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் அரசுப் பள்ளிகளுக்குச் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் கொடுத்தார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படி. பெயர் வைத்தவர் கைக்கு மோதிரம் போடலாம். வகுப்பைப் பார்க்காமல் வாசிக்கும் திறனைப் பார்த்துப் பிரித்தது அது. ஆறாம் வகுப்புப் பிள்ளை 'நட'வில் இருக்கலாம், தப்பில்லை. உங்கள் மகளுக்கும் அந்தக் கணக்கே. ஒரு தாளில் நாலு வரி வருகிற புத்தகத்தில் தொடங்கி, அவளே "இது ரொம்ப ஈசி" என்று சொல்லும்வரை அங்கேயே இருக்கட்டும்.

பேச்சுத் தமிழில் எழுதிய கதைகள் இந்தப் பிள்ளைகளுக்குச் சுலபம் என்பதை நான் தாமதமாகத்தான் கண்டுகொண்டேன். பாடப் புத்தகத் தமிழில் திக்கிய ஒரு பிள்ளை, 'கதவு' கதையில் பேச்சு வரும் இடங்களைத் தடங்கலில்லாமல் வாசித்தாள். "எங்க ஆச்சி பேசுத மாதிரியே இருக்கு" என்றாள்.

கதைன்னா கடைசில ஒரு நீதி இருக்கணும்லா?

இருந்தால் இருக்கட்டும், தேட வேண்டாம். 'நீதி: பேராசை பெருநஷ்டம்' என்று அடியில் கட்டம் கட்டிய புத்தகங்களை முப்பது வருஷம் வகுப்பில் வாசித்திருக்கிறேன். பிள்ளைகள் கட்டத்தை முதலில் வாசித்துவிட்டுக் கதையை விட்டுவிடுவார்கள், பரீட்சைக்கு அதுதானே வரும். 'அப்பா சிறுவனாக இருந்தபோது' புத்தகத்தில் அப்பா பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் பிள்ளை சிரிக்கிறது. சிரித்த பிள்ளைக்குப் புரியவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

பேய்க் கதை கேக்கா. குடுக்கலாமா? ராத்திரி பயந்துருவாளே.

கொடுக்கலாம், பகலில். சுடலைமாடன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்கிற ஊர் நம்முடையது. கோயில் கொடைக்குக் கூட்டிப்போய் நடுச்சாமம் வரை உட்காரவைத்துவிட்டு, புத்தகத்தில் பேய் வந்தால் பயப்படுவாள் என்றால் எப்படி?

சினிமா பாத்துட்டுப் பொன்னியின் செல்வன் வேணும்னு அடம் பிடிக்கான். அஞ்சாப்புதான். வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியது, ஐந்து பாகம். தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில் முடியும். அதனால் சத்தமாக வாசிக்க இதைவிடத் தோதான நாவல் கிடையாது. ஆடிப்பெருக்கு நாளில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிறான். அந்த முதல் அத்தியாயத்தை நீங்கள் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தால் மீதிக்கு அவனே உங்களைப் பிடித்து உட்காரவைப்பான். செல் பற்றிய கேள்விக்குச் சொன்ன பத்து நிமிஷம்தான் இங்கேயும். முதல் பாகத்தோடு நின்றுவிட்டாலும் பரவாயில்லை, ஏழாம் வகுப்பில் திரும்ப எடுப்பான். மொத்தமும் முடிக்க வேண்டும் என்று நினைத்தால் 'பார்த்திபன் கனவு' சின்னது.

வெளிநாட்டுக் கதை தமிழ்ல நல்லாருக்குமா? ஒட்டாதே?

மொழிபெயர்ப்பைப் பொறுத்தது. ரஸ்கின் கதை ஒட்டியிருக்கிறதே. 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி' நாவல் மாதிரி இருந்தாலும் கற்பனை இல்லை. தெத்சுகோ குரோயாநாகி தன் பள்ளிக்கூட நாட்களை எழுதியது. ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக வைத்த பள்ளி அது. பிள்ளைகள் அந்த ஒரு விஷயத்திலேயே விழுந்துவிடுவார்கள்.

'குட்டி இளவரசன்' பற்றி எனக்கு வேறு கருத்து. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழில் கொண்டுவந்த அருமையான புத்தகம். படமும் இருக்கிறது, சின்னதாகவும் இருக்கிறது, எல்லோரும் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை பாதியில் வைத்துவிடுகிறது. நாற்பது வயதில் வாசித்து அழுதவர்கள்தான் அதைப் பிள்ளைகளுக்கு வாங்குகிறார்கள்.

கதைல வர்றவன் சின்னப் பையன்னா அது சின்னப் பிள்ளைக்கான புக்குதான?

இல்லை, இதில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள். பூமணியின் 'வெக்கை' நாயகனுக்குப் பதினைந்து வயதுதான். கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. நம் வட்டாரத்தின் பெரிய நாவல், பத்தாம் வகுப்பு தாண்டட்டும். இரா. நடராசனின் 'ஆயிஷா'வும் அப்படித்தான். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் ஒரு மாணவியின் கதை, முடிவு தாங்க முடியாது. அதை வாசிக்க வேண்டியவர்கள் ஆசிரியர்கள். பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்குப் பிறகு போதும்.

'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நல்லாருக்குன்னாங்க. ஆனா அது அந்த மாதிரி விஷயம்லா பேசுது?

பேசுகிறது. யெஸ். பாலபாரதி எழுதிய நாவல், 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பேசும் மரப்பாச்சி பொம்மை வழியாக, பிள்ளைகளிடம் பெரியவர்கள் தப்பாக நடந்துகொள்வதைப் பற்றிச் சொல்கிறது. பயமுறுத்தாமல் சொல்கிறது என்பதுதான் அதன் சிறப்பு. ஐந்தாம் வகுப்புக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், பையனுக்கும் சேர்த்து.

முதல் நாள் ராத்திரி நீங்கள் முழுவதும் வாசித்துவிடுங்கள். பிறகு கொடுங்கள். பிள்ளை ஏதாவது கேட்டால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பதில் சொல்லத் தயாராக இருங்கள். கொடுத்துவிட்டு "கண்டதையும் கேக்காத" என்றால் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

நான் ஸ்கூல்ல வேல பாக்கேன். சாதி பத்தின கதைய கிளாஸ்ல வாசிக்கலாமா? பிரச்சினை வந்துருமோன்னு பயமா இருக்கு.

பயம் எனக்கும் இருந்தது. விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' சின்னப் புத்தகம், ஒரே உட்காரலில் முடிந்துவிடும். கையில் கட்டும் கலர் கயிற்றுக்குப் பின்னால் சாதி இருப்பதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்லும் கதை. நம் ஜில்லாவில் எந்தக் கலர் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும், தெரியாத மாதிரி நடிப்பது நாம்தான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் கொடுத்த அறிக்கையில் பள்ளியில் கலர் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் இந்த மாதிரிக் கதை ஒன்றை வகுப்பில் வாசித்ததற்காகத் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "பாடத்த மட்டும் நடத்துங்கம்மா" என்றார். அடுத்த வருஷம் வாசிக்கவில்லை. இன்றுவரை உறுத்துகிறது. அதனால் உங்களுக்குச் சொல்வது: தனியாகச் செய்யாதீர்கள். இன்னொரு ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், தலைமையாசிரியரிடம் புத்தகத்தை முன்பே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

வாசிக்கும்போது எந்தப் பிள்ளையின் கையையும் பார்க்காதீர்கள். "உங்க தெருவுல எப்படி?" என்றும் கேட்காதீர்கள். கதையில் வரும் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுங்கள். சனிக்கிழமை எங்கள் தார்சாவில் வாசித்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு பையன் கையில் கயிறு இல்லாமல் வந்தான். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

எங்க கிடைக்கும்? வெல ஜாஸ்தியா இருக்கே டீச்சர்.

வாங்கத்தான் வேண்டும் என்று இல்லை. பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, கிராமங்களில் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் இருக்கின்றன. பிள்ளை பேரில் அட்டை போடுங்கள், உங்கள் பேரில் வேண்டாம். தன் பேர் போட்ட அட்டைக்குத் தனி கௌரவம். வாங்குவதென்றால் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும்போது வாங்குங்கள், கழிவு கிடைக்கும். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை விலை குறைவு. பாரதி புத்தகாலயத்தின் புக்ஸ் ஃபார் சில்ரன் வெளியீடுகளிலும் சின்ன விலைப் புத்தகங்கள் உண்டு. அரசுப் பள்ளி என்றால் 4, 5ஆம் வகுப்புக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரைக்கும் 'தேன்சிட்டு' என்று துறையே இதழ் நடத்துகிறது. வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பீரோவில் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள்.

படிச்சு முடிச்சதும் கேள்வி கேட்டு டெஸ்ட் வைக்கலாம்லா?

வேண்டாம். டெஸ்ட் உண்டு என்று தெரிந்தால் அடுத்த தடவை ரொம்பச் சின்னப் புத்தகமாகத் தேடி எடுப்பார்கள். "இதுல யாரு மேல உனக்குக் கோவம் வந்துச்சு?" என்று ஒன்று மட்டும் கேளுங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள்.

பாதிலயே போட்டுட்டு வேற எடுக்கா. முடிக்கச் சொல்லணுமா?

சொல்ல வேண்டாம். நீங்கள் பிடிக்காத சீரியலை முழுசாகப் பார்க்கிறீர்களா?

இவ நேர்மாறு. ஒரே புக்க ஏழெட்டுத் தடவ வாசிக்கா. வேற எடுன்னா அழுதா. இது சரியா?

சரிதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தார்சாவுக்குள் ஆற்றுத் தண்ணீர் வந்து, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போயின. வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வந்து, உப்பிப்போன 'பிஞ்சுக'ளைத் தேடி எடுத்தாள். ஒன்றோடொன்று ஒட்டிய தாளை நான் பிரிக்கப் போனேன். "அந்த எடத்துல என்ன வரும்னு எனக்குத் தெரியும் டீச்சர், கிழிச்சிராதீங்க" என்றாள். புதுப்பிரதி வாங்கி வைத்தேன். அவள் அந்தப் பழையதையேதான் எடுத்துப் போகிறாள்.